அக்காவின் கால்குலேட்டர்

'க்ளீன்' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குக் குமட்டுகிறது. கூலிமில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு கூட்டம் முடிந்ததில்லை. சின்னக் கடைகளுக்கு விற்கும் மலிவு விலைக் கம்ப்யூட்டர்களுக்கு முகப்புத் திரை அமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை கிடக்குமே, டாஸ்க்பார், அது என் பொறுப்பு. திறந்து வைத்த விண்டோக்கள் எல்லாம் அங்கேதான் வரிசையாக நிற்கும். யாரும் நின்று பார்க்கிற இடமில்லை, கை தானாகப் போய்வருகிற இடம். அதனால்தான் அதில் கை வைக்கும்போது பயப்பட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

என் அக்கா பாடாங் செராயில் அழைப்பிதழ் கடை வைத்திருக்கிறாள். கல்யாணக் கார்டு என்றால் அவளிடம்தான் அடிக்க வேண்டும் என்று லூனாசிலிருந்தும் செர்டாங்கிலிருந்தும் வருவார்கள். அச்சு அழகுக்காக அல்ல, பினாங்கில் அவளைவிட அழகாக அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. அவள் கை பட்ட கார்டு வீண் போகாது, போன இடத்தில் பெண் நன்றாக இருப்பாள் என்பார்கள். அக்கா அதை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தாள்.

காப்பாற்றுவது லேசில்லை, ஏனென்றால் சாவு வேலையும் அவளிடம்தான் வரும். இப்போதெல்லாம் எஸ்டேட்டில் ஒருவர் தவறிவிட்டால் உடனே வாட்ஸ்அப்பில் படம் போயாக வேண்டும். கறுப்புப் பின்னணி, மாலை போட்ட போட்டோ, கண்ணீர் அஞ்சலி, எடுக்கும் நேரம். அனுப்பி முடித்ததும் போன் வரும். மூத்த மருமகன் பெயர் விட்டுப்போச்சு, நேரம் மாறிப்போச்சு என்பார்கள். எனவே அந்த விண்டோவை மூட முடியாது. கல்யாணக் கார்டும் அதே மாதிரிதான். மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது ஒரு தாய்மாமனை மறந்துவிட்டு மறுநாள் பதறிக்கொண்டு வருவார்கள். அதே மென்பொருளில் அதுவும் திறந்தே கிடக்கும்.

அதனால் அக்கா பட்டையைப் பாகம் பிரித்து வைத்திருந்தாள். இடது பக்கம் நல்ல காரியம். வலது கோடியில் கெட்ட காரியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கால்குலேட்டர் விண்டோவைத் திறந்து வைப்பாள். கணக்குப் போட அல்ல, அதற்கு மேசை மேல் தனியாக ஒன்று உண்டு. இது வேலி. கல்யாண வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மவுஸ் அந்தக் கால்குலேட்டரைத் தாண்டாது. "எல்லைச்சாமி வேலையைக் கால்குலேட்டருக்குக் குடுத்துட்டியாக்கா?" என்று நான் கிண்டல் செய்தால், "சிரிடா சிரி. அது நடுவுல கிடந்தா கை தெரியாமக்கூட அந்தப் பக்கம் போவாது," என்பாள்.

பட்டையைப் புதிதாக அமைக்கும் கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். பழைய பட்டையில் ஒவ்வொரு விண்டோவுக்கும் பெயர் இருந்தது, வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. புதியதில் பெயர் கிடையாது. ஒரே மென்பொருளில் திறந்தவற்றையெல்லாம் ஒரே சின்னத்துக்குள் திணித்துவிடுவார்கள். மவுஸ் அதன் மேல் பட்டால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் குட்டிக் குட்டிப் படங்களாக விரியும். கடைசியாகத் தொட்டது முதலில் நிற்கும்.

"பாஸ், அவங்கவங்க வச்ச இடத்துலயே இருக்கட்டும். பேரையும் எடுக்காதீங்க," என்றேன்.

"யூசர் எதுக்கு புரோ அடுக்கணும்? சிஸ்டம் அடுக்கும் லா. பாக்க க்ளீனா இருந்தா போதும்," என்றார் பாஸ்.

கால்குலேட்டர் கதையைக் கேட்டு அறையே சிரித்தது. 'க்யூட்' என்றாள் ஒருத்தி. வயிற்றைப் பிடுங்கித் தின்கிற கவலையை அக்கா பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள், இவர்களுக்கு அது க்யூட்! எனக்கு எரிச்சல் உச்சி வரை ஏறியது. என்ன பயன், பட்டை அவர்கள் இஷ்டப்படியே போனது. எங்கள் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைகளுக்கெல்லாம் யாரையும் கேட்காமல் தானாகவே போய் இறங்கியது.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "தம்பி, கீழ இருந்த பேரெல்லாம் காணோம்டா. ஒண்ணும் புரியல. வேலை செய்யவே கஷ்டமா, ரொம்ப சூசாவா இருக்கு." மதியம் வந்து பார்க்கிறேன் என்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது லூனாசிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா, அப்பா, கல்யாணப் பெண். கார்டில் போட வேண்டியதை எழுதி, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தட்டில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். தட்டு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர்கள் காத்திருக்கும்போதே அக்கா பெண்ணின் பெயரை அடித்து வைத்திருந்தாள். இடையில் ஒரு சாவு வீட்டுப் போன் வர, திரையைத் தன் பக்கம் திருப்பி அதையும் திருத்திக் கீழே இறக்கியிருந்தாள்.

"இந்தா பாருங்கம்மா, எப்படி வந்திருக்குன்னு," என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பி, மவுஸைக் கீழே கொண்டுபோனாள். பட்டென்று விரிந்தது. முதலில் கறுப்புப் படம், மாலை போட்ட ஒரு பெரியவர் முகம். அதை ஒட்டி, இடைவெளி என்று சொல்ல ஒன்றுமில்லாமல், பிள்ளையாரும் மஞ்சள் நிறமும் அந்தப் பெண்ணின் பெயரும்.

"என்னாக்கா இது? எம்பொண்ணு பேருகிட்ட..." என்று அந்த அம்மா திரையை விரலால் காட்டினார்.

"ஐயோ, தெரியாம வந்துருச்சும்மா. காலையிலதான் என்னமோ மாத்திவுட்டுட்டானுங்க," என்று அக்கா மவுஸைத் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் அது மறுபடி சின்னத்தின் மேல் பட, மறுபடி விரிந்தது.

"தாப்பா லா, பரவால்ல, மெஷின்தானே," என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க!" அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெண் தரையைப் பார்த்தபடியே பின்னால் போனாள். நான் வாசலில் ஒதுங்கி வழிவிட்டேன்.

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் கல்யாணத்தில் யார் துணிந்து பார்ப்பார்கள்? பாடாங் செராய் சின்ன ஊர், விஷயம் மாலைக்குள் சுற்றிவிட்டது. ஏற்கெனவே கார்டு அடிக்கக் கொடுத்திருந்தவர்களும் மரியாதையாகவே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "பினாங்குல சொந்தக்காரங்க இருக்காங்கக்கா, அங்கயே அடிச்சிக்கிறோம்." அக்கா எல்லோருக்கும் சிரித்த முகமாகத் தலையாட்டினாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறு மெஷின் வாங்கித் தருகிறேன் என்றேன். "மெஷினை மாத்தி என்னா பண்ண? அவங்க பாத்தாச்சு லா," என்றாள்.

அலுவலகத்தில் போய்க் கத்தினேன். "அது கல்ச்சர் பிரச்சனை புரோ, டிசைன் பிரச்சனை இல்ல," என்று பாஸ் காப்பியை உறிஞ்சினார். சீ என்றாகிவிட்டது எனக்கு.

போன வாரம் மறுபடி கூட்டம். எந்தக் கடையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அந்தக் கம்ப்யூட்டர்களே எங்களுக்கு அனுப்பிவிடும். அதைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். பாஸ் அக்காவின் கடையைத் தொட்டுக் காட்டி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா புரோ? முன்ன தினமும் கால்குலேட்டரைத் தொறந்து வச்சிருந்தாங்க. இப்ப தொறக்கறதே இல்ல. பழகிட்டாங்க லா. எவ்ளோ க்ளீன்!"

கை தட்டினார்கள். அக்கா கால்குலேட்டரைத் திறக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள்தான் கடைக்குப் போயிருந்தேன். இடது பக்கத்தில் வைக்க அவளிடம் ஒரு வேலையும் இல்லை. திறந்து கிடந்தவை எல்லாம் கறுப்புப் பின்னணி.