ரெக்கார்டில் ஒரு 'ம்'

எங்கள் பாட்டுக்குழுவின் முதல் சொந்தப் பாட்டு முடிகிற இடத்தில், வரியெல்லாம் ஓய்ந்த பிறகு, பாங்கோஸ் சத்தத்துக்கு நடுவே 'ம்... ம்...' என்று ஒரு குரல் கேட்கும். என் குரல்தான். அது ஏதோ புது ஸ்டைல் என்று காலேஜ் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் அப்பா கோர்வைப் புடவை நெய்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்யும்போதே இரண்டையும் கோர்க்க ஓர் ஆளால் ஆகாது. நூல் சுற்றிய நாடாக் கட்டையை அவர் ஒரு பக்கமிருந்து விட, இன்னொருவர் உட்கார்ந்து வாங்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். கையை நீட்டித் தயாரானதும் 'ம்' என்பேன். அவர் தலையைத் தூக்காமல் நாடாவை விடுவார்.

எனக்கு முன்னால் அந்த இடம் அம்மாவுடையது. இழை அறுந்தது யாரால் என்று இருவருக்கும் ஒருநாள் சண்டை வந்தது. எழுந்துபோன அம்மா, அவராகக் கூப்பிட்டால்தான் திரும்ப உட்காருவேன் என்று சொல்லிவிட்டாள். அவரா கூப்பிடுவார்? வீம்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கும் அதில் பங்கு வந்திருக்கிறது.

குழுவில் மூன்று பேர். கிதார் வாசிக்கும் ஐயம்பேட்டைக்காரர், பாங்கோஸ் தட்டும் என் பெரியம்மா மகன், பாட நான். அந்த அண்ணனும் தறிக்காரன்தான். கல்யாணங்களில் சினிமாப் பாட்டாகப் பாடி அலுத்து, சொந்தமாக ஒன்று கட்டினோம். மெட்ராஸில் ஒரு சின்ன கம்பெனி அதை ரெக்கார்டாகப் போடச் சம்மதித்தது. அப்பா போகவிட்டார், ஆனால் முடிவாகச் சொன்னார்.

"இந்த ஒண்ணுதான். ரெக்கார்டு வந்ததும் பாட்டை மூட்டை கட்டிடு. நீ பாடிக்கினு ஊர் ஊரா சுத்தினா, கோர்வைக்கு யாரும்மா உக்காருவா?"

அழுதேன். அதையும் பட்டில் படாமல் தள்ளி உட்கார்ந்துதான் அழுதேன், பாழாய்ப்போன பழக்கம்.

மெட்ராஸில் பாட்டு நன்றாகவே போனது. கடைசி வரியில், ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மைக்கில், ஒரு கோர்வை வைத்து முடிக்கச் சொன்னார். அவர் சொன்னது தாளக் கணக்கில் வருகிற கோர்வை. எங்களுக்குத் தெரிந்த கோர்வை ஒன்றுதானே! அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் தறி ஓட்டத்தைப் பாங்கோஸில் தட்ட, என் வாய் தானாக 'ம்' சொல்லிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

ரெக்கார்டு வந்த அன்று காலை, தெருமுனை மைக்செட் கடையில் அதைப் போட ஏற்பாடு. கிதார்காரர் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாராம். நான் பார்க்கவில்லை. முகூர்த்தப் புடவை, அவசரம் என்று அப்பா என்னைத் தறியில் உட்கார வைத்துவிட்டார்.

பாட்டு தெருவெல்லாம் கேட்டது. அப்பா நிமிரவே இல்லை. நான் நெய்வதை மறந்து என் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தேன். வரிகள் முடிந்தன. பாங்கோஸ் தொடங்கியது. குழாய் ஸ்பீக்கர் 'ம்' என்றது. அப்பா நாடாவை விட்டுவிட்டார்!

என் கை மடியில் இருந்தது. நாடா என்னைத் தாண்டிப் பறந்து, அடுப்படி வாசலில் அம்மாவின் காலடியில் போய் விழுந்தது. அப்பாவின் நாடா கைதவறி நான் பார்த்ததே இல்லை.

"யாரு சொன்னது?" என்றார்.

"நான்தான்பா. ரெக்கார்டுல."

தெருப்பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"இந்தாம்மே, வந்து கோர்வைக்கு உக்காரு. இது பாடிக்கினு போவட்டும்."

நான் எழுந்து இடம் விட்டேன். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நாடாவை எடுத்து வந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். வாயைத் திறக்கவில்லை. 'ம்' வருமென்று அப்பா காத்திருந்தார்.

"அதான் ரெக்கார்டுல இருக்குதே," என்றாள் அம்மா, "போட்டு கேட்டுக்கோ."