நோன்பு மாதத்தில் வயர் உரித்தோம்

அப்போது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. திகனையில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் இருந்தவள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் முடித்துத் திகனைக்கு வந்தவள். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், கைப்பையைக்கூட வைக்காமல் நேராக என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, பொம்பளைங்களுக்கு வயரிங் சொல்லித் தர்றாங்களாம். சனிக்கிழமைல. காசு ஒண்ணும் இல்லையாம். போவமா?"

"தையக்காரிக்கு வயரிங் என்னத்துக்கு?"

"சும்மா போய்ப் பாப்போம்க்கா. டவுனுக்குப் போன மாதிரியும் இருக்கும்."

டவுனுக்குப் போகலாம் என்றதுதான் என்னை எழுப்பியது. அதை மறைப்பதில் பயனில்லை.

வகுப்பு ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. சொல்லிக் கொடுத்தவர் எங்கள் இரண்டு பேரையும்விட இளையவரான ஒரு சிங்களப் பெண். தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசுவார். முதல் நாளே எல்லோர் கையிலும் ஒரு வயர்த் துண்டைக் கொடுத்து, மேலே இருக்கிற பிளாஸ்டிக் தோலை எடுக்கச் சொன்னார். ஒருத்தி பல்லால் கடித்தாள். ஒருத்தி பிளேடை எடுத்தாள். நான் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் நூல் வெட்டும் கத்தரியை எடுத்தேன்.

"அக்கா, கத்தரி வேணாம்," என்று அவர் என் கையைப் பிடித்தார். "செப்புக் கம்பி காயப்படும். காயப்பட்ட இடம் சூடு வரும்."

பிறகு ஆளுக்கொரு ஸ்ட்ரிப்பரைத் தந்தார். குறடு மாதிரித்தான் இருந்தது. ஆனால் வாயில் சிறிதும் பெரிதுமாக வரிசையாக ஓட்டைகள். வயரின் பருமனுக்குப் பொருந்தும் ஓட்டையில் வைத்து மூடி, இலேசாகத் திருப்பி, முகத்துக்கு நேராக இல்லாமல் வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி அவசரப்பட்டுச் சின்ன ஓட்டையில் வைத்து அழுத்தினாள். தோல் வந்தது. கம்பியில் சுற்றிவர ஒரு கீறலும் விழுந்தது. வாத்தியாரம்மா அதை வாங்கி இரண்டு தரம் வளைத்தார். கீறல் விழுந்த இடத்தில் கம்பி பட்டென்று முறிந்தது.

"ஹெமின், ஹெமின்," என்றார். மெல்ல, மெல்ல என்பதற்கு அவர் எப்போதும் சிங்களத்தையே சொன்னார்.

என் முறை வந்தது. பெரிய ஓட்டையில் வைத்துப் பார்த்தேன், தோல் அசையவில்லை. அதற்கு அடுத்ததில் வைத்தேன். சின்னதாக ஒரு சத்தம். சிவப்புத் தோல் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே செம்பு ஒரு கீறலும் இல்லாமல் மின்னியது. நான் சிரித்துவிட்டேன். அன்று கொடுத்த வயர் முழுவதையும் உரித்துத் தீர்த்த பிறகுதான் எழுந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேரும் மடியில் சிவப்பும் கறுப்புமான அந்தத் தோல் துண்டுகளை வைத்துக்கொண்டு, யாருடையது நேராக வந்திருக்கிறது என்று வாதாடிக்கொண்டு வந்தோம்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில், கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கவும், சுவரில் பிளக் செருகும் பேஸை மாற்றவும் பழகினோம். நோன்பு மாதம் பாதி போயிருக்கும். நோன்புப் பெருநாளுக்குத் தைக்க வந்த துணி கட்டிலில் மலையாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தது. மோட்டரின் பிளக்கைக் கழற்றினேன். அதில் ஒரு குறையும் இல்லை. சுவரிலிருந்த பிளக் பேஸ்தான் பழுப்பேறி, தொடமுடியாத சூட்டில் இருந்தது. என் கணவர், வயரிங் வேலைக்கு வழக்கமாக வரும் பாஸுக்குப் போன் எடுத்தார்.

"நாளண்டைக்குத்தான் வருவாராம்," என்றார். "அது வரைக்கும் தைக்காம இரிங்களே."

"பெருநாளைக்குப் புள்ளைங்க என்னத்த உடுத்துற?" என்று கேட்டுவிட்டு, மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவள் வகுப்பில் தந்த ஸ்ட்ரிப்பரையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு செருப்பில்லாமலே ஓடி வந்தாள்.

பஸாருக்குப் போய்ப் புது பிளக் பேஸ் ஒன்று வாங்கி வந்தோம். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும்போது வைத்துப் பார்த்தோம், அதன் பல்ப் எரிந்தது. அப்புறம் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணி மறுபடி வைத்தோம், எரியவில்லை. நாங்கள் வேலை செய்கிறபோது யாரும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்று கணவரை அதன் முன்னால் நிறுத்தினோம். அது நல்லதாகப் போயிற்று. நோன்பு பிடித்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுத்திருந்த மாமி எழுந்து வந்துவிட்டார்.

"கரண்ட் போச்சா? எங்க, அந்த சுவிட்சப் பாரு."

"போகல்ல உம்மா. அவங்க வேல செய்றாங்க," என்று கணவர் சுவிட்சின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"யாரு, இவளா?" என்று மாமி கதிரையை இழுத்துப் போட்டு எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். போகவே இல்லை.

பழைய பேஸைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. வீடு கட்டிய காலத்தில் யாரோ கத்தியால் உரித்திருக்கிறார்கள். பேஸுக்கு வந்த மூன்று வயர்களில் ஒன்றின் இழைகளில் பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தன. மிச்ச இழைகள்தான் அத்தனை வருடமும் முழுச் சுமையையும் தாங்கிக் கருகியிருந்தன. கருகிய பகுதியை வெட்டினோம். வெட்டிய பிறகு பார்த்தால், சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த வயர் மிகவும் கட்டையாகிவிட்டது. ஒரு தரம் உரிக்கத்தான் போதும். பிழை விட்டால் மறுபடி வெட்ட நீளம் இல்லை.

"நீங்க பண்ணுங்கக்கா," என்று ஸ்ட்ரிப்பரை என்னிடம் நீட்டினாள். "உங்களுக்கு ஊசில நூல் கோக்கிற கை."

வாங்கிக்கொண்டேன். பயம் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் கோட்டில் நிற்கும்போது வருமே, அது. வெட்டிப் போட்ட பழைய துண்டைக் கையில் எடுத்து, அதன் நல்ல பக்கத்தை ஒவ்வொரு ஓட்டையாக வைத்து உரித்துப் பார்த்தேன். ஒன்றில் இழை அறுந்தது. அடுத்ததில் ஒரு இழைகூட அறுபடவில்லை. அந்த ஓட்டையை நகத்தால் தொட்டு அடையாளம் வைத்துக்கொண்டேன். புது பேஸில் கம்பியை இறுக்கும் ஆணிக்கு அடியில் எவ்வளவு போகும் என்று அவள் அளந்து, வயரின் மேல் என் தையல் சோக்கால் கோடு போட்டாள். கோட்டுக்கு மேல் உரித்தால் செம்பு வெளியே தெரியும். குறைந்தால் ஆணி பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும்.

வைத்தேன், மூடினேன், திருப்பினேன், இழுத்தேன்.

"வந்திரிச்சி," என்று மாமிதான் முதலில் சொன்னார்.

மற்ற இரண்டு வயரையும் அவள் உரித்தாள். இழைகளை முறுக்கி, ஆணியை இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, மூடியைப் பூட்டினோம். கணவர் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கையை ஒரே ஓட்டமாகத் தைத்தேன். அவள் பக்கத்தில் குந்தியிருந்து, நிமிடத்துக்கொரு தரம் பிளக் பேஸின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சில்லுன்னு இருக்குக்கா. தொட்டுப் பாருங்க."

நானும் தொட்டேன், மாமியும் வந்து தொட்டார். அன்று அஸர் தொழுகை வரைக்கும் எங்கள் வீட்டில் அந்தச் சுவரைத் தொடாதவர் யாரும் இல்லை.

சொன்னபடி செவ்வாய்க்கிழமை பின்னேரம் பாஸ் வந்தார். செய்ததைச் சரிபார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். மெயினை ஓஃப் பண்ணி, மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். நான் மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா ஈக்கி," என்று மூடியைத் திரும்பப் பூட்டினார். அப்புறம் கணவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஆம்பளைங்க இல்லாத வீட்டுலயும் எனக்கு வேல வருது. பகல்ல போனா உள்ளுக்குப் போகேலா, வாசல்ல நிண்டுட்டுத் திரும்புற. நீங்க ரெண்டு பேரும் வந்தீங்கண்டா நான் வெளியில நிண்டு சொல்லித் தருவேன். விருப்பமா?"

நான் கணவரைப் பார்க்க முன்னமே, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கடை விட்டு வந்திருந்தவளின் குரல் வந்தது.

"நாங்க வாறோம்."

பெருநாள் முடிந்த கிழமை, அவளுக்குக் கடை லீவான ஒரு நாளில் முதல் வீட்டுக்குப் போனோம். பாஸ் ரோட்டில் முச்சக்கர வண்டியிலேயே இருந்தார். கதவைத் திறந்த பெண் எங்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, பாஸ் எங்கே என்று கேட்டாள். நாங்கள்தான் என்றதும் ஒரு கணம் விழித்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, குசினிக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் போனாள். நான் டெஸ்டரை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.