அக்காளின் எஞ்சினும் மாமாவின் கல்யாணப் பந்தலும்

எங்கள் அக்காள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். நல்லதை மட்டும் எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். அக்காளைப் பற்றி எழுத என்னிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் மற்றவர்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

அக்காள் மலாயாவில் பாலோவுக்கு அருகே, கித்தா என்னும் ரப்பர்த் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பிறந்தார். என்னைப் பெற்ற அன்றே எங்கள் தாயார் இறந்துபோனார். அறையில் இருந்தது ஒரே ஒரு சிம்னி விளக்கு. இரத்தம் எங்கிருந்து போகிறதென்று அந்த வெளிச்சத்தில் யாராலும் பார்க்க முடியவில்லையாம். அக்காள் அப்போது சிறுமி. என்னை அவர்தான் வளர்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தரை கழுவச் சேர்ந்து, பிறகு பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். அத்தானைக் கைப்பிடித்துக் குளுவாங் பட்டணத்துக்கு வந்தார். அத்தான் மலேரியாவில் போன பின்பு, வீட்டின் முன்னறையைச் சுண்ணாம்படித்துப் பிரசவ அறையாக்கினார். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பெண்கள் மாட்டு வண்டியில் வந்தார்கள்.

பட்டணத்துக்கு மின்சாரம் வந்தபோது அக்காளைப் போல் மகிழ்ந்தவர் யாருமில்லை. ஆனால் மழைக்காலத்தில் மின்சாரக் கொட்டகைக்குள் வெள்ளம் புகுந்துவிடும். விளக்குகள் எந்த நேரத்தில் அணையும் என்று சொல்ல முடியாது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் மூடப்பட்ட சமயம், ஒரு தோட்டத்தில் கழித்துப் போட்ட எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் அக்காள் வாங்கிவந்தார். பட்டறை வைத்திருந்த சீனர் ஒருவர் அதைப் பழுதுபார்த்து, கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்திக் கொடுத்தார்.

உண்மையைச் சொன்னால் அது அருவருப்பான பொருள். கக்கும் புகை கரியாகச் சுவரில் படியும். கருத்த எண்ணெய் கசிந்து மண்ணோடு சேறாகும். சோற்றிலும் தலையணையிலும் அதே வாடை. அக்காளுக்கு அந்த வாடையே ஆகாது. ஓடவிட்டு வரும்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வருவார். "பீடை பிடிச்ச சாமான்" என்று திட்டிக்கொண்டே அதைத் துடைத்து வைப்பார்.

பக்கத்து வீடு எங்கள் தாய்மாமாவுடையது. "மண்ணெண்ணெய் நாத்தத்துல சாமி கும்பிட முடியல. லயத்துப் பொம்பளைங்க தீட்டு வேற. குடும்பம் இருக்கிற இடமா இது?" என்று வேலிக்கு அப்பாலிருந்து தினமும் கேட்கும்படி சொல்வார்.

மாமா மகளின் கல்யாணத்துக்கு முந்தின மாலை, அடைமழையில் பட்டணம் முழுக்க விளக்கு அணைந்தது. அந்த நேரம் எங்கள் முன்னறையில் பாலோவிலிருந்து வந்த ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா வாசலில் வந்து நின்று அக்காளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இன்னிக்கு ஒரு பொழுது உன் எஞ்சினக் குடு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. பந்தல் இருட்டாக் கெடக்கு. மானம் போவுது."

"உள்ளார ஒரு உசுரு கெடக்குது மாமா. ரெண்டு வீட்டுக்கு இது தாங்காது."

"லயத்துக்காரிதானே? சிம்னி வெளிச்சத்துல பெக்கட்டும். அவ ஆத்தா கரண்டுலயா பெத்தா?"

தம் சொந்தத் தங்கை எப்படி இறந்தார் என்பதை அறிந்தவர் வாயிலிருந்து வந்த சொல் அது. அக்காள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

குழந்தை பிறந்தது. ஆனால் நஞ்சுக்கொடி முழுதாக வரவில்லை. இரத்தம் நிற்காமல் போயிற்று. அந்த நேரத்தில் விளக்கு அணைந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அடுத்த கணம் மாமா வீட்டுப் பந்தல் பளிச்சென்று எரிந்தது. கொட்டகையில் எங்கள் கம்பியைக் கழற்றி அவர்கள் கம்பியை மாட்டியிருக்கிறார்கள்.

அக்காளுக்குக் கைகொடுத்து நின்ற நான், கொட்டகைக்கு ஓடும் முன் கை கழுவத் தண்ணீரைத் தேடினேன். அக்காள் இருட்டில் அந்தப் பெண்ணின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடியே சொன்னார்: "கழுவாத. அப்படியே போ. ஒருத்தனும் உன்னைத் தொட மாட்டான்."

முழங்கை வரை இரத்தத்தோடு நான் கொட்டகைக்குப் போனேன். காவல் நின்ற உறவுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். "சீ, நல்ல காரியம் நடக்கிற எடத்துல!" என்று ஒருவர் காறித் துப்பினார். மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோடு ஒட்டிக்கொண்டார். பிரசவ வீட்டு எஞ்சினுக்கு இல்லாத தீட்டு என் கைக்கு மட்டும் இருந்தது. நான் எஞ்சினை நிறுத்திக் கம்பியை மாற்றினேன். அந்தப் பெண்ணின் கணவர் ஓடிவந்து கைப்பிடியைச் சுழற்றினார். எங்கள் வீட்டு விளக்கு எரிந்தது. பந்தல் இருண்டது.

மறுநாள் மாமா வீட்டார் வேலி நெடுக மஞ்சள் நீர் தெளித்தார்கள். கல்யாணத்தில் இரத்தம் காட்டிய குடும்பம் என்று எங்களைப் பந்திக்கு அழைக்கவில்லை. ஊரெல்லாம் அவர்கள் பட்ட அவமானத்தைப் பேசிற்று. அந்தப் பெண் பிழைத்தாரா என்று மாமாவோ, அங்கு நின்ற வேறு எவருமோ கேட்கவில்லை. பின்னர் எங்களுக்குள் பேச்சுவார்த்தை திரும்பிய பிறகும் கேட்கவில்லை.

கடைசி நாட்களில் அக்காளுக்கு நெஞ்சுச்சளி முற்றியிருந்தது. ஒரு மழை நாளில் மின்சாரம் போனதும், "எஞ்சினைப் போடவா அக்கா?" என்று கேட்டேன். "வேணாண்டி. போற நேரத்துலயாவது நல்ல காத்தை மோந்துட்டுப் போறேன்" என்றார். ஜன்னலைத் திறந்து வைத்தேன். மழைச்சாரல் முகத்தில் படக் கண்மூடிக் கிடந்தார். இரண்டொரு நாளில் அமைதியாக அடங்கினார்.

அக்காளின் நோய்க்காலத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டு மலாய் அம்மையாருக்கும், எஞ்சினைக் கடைசிவரை பழுதுபார்த்துக் கொடுத்த சீனப் பட்டறைக்காரருக்கும், பாடை சுமந்த தோட்டத்துத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கருமாதியன்று மாமா முதல் பந்தியில் அமர்ந்து, சாம்பார் நன்றாயிருக்கிறதென்று இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். குனிந்து பரிமாறியவர் பாலோவிலிருந்து, அந்த மழை இரவில் பிறந்த மகனை அழைத்துக்கொண்டு விடியுமுன்பே வந்து, அடுப்படியில் நின்று அத்தனை பேருக்கும் சமைத்தவர். அவர் யாரென்று மாமா கேட்கவில்லை.