மச்சாளிடம் நான் சொன்ன ‘பேன்’

நான் உண்மையைச் சொன்னது பிழையா, சொன்ன சொல் பிழையா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் மச்சாள், கணவரின் அக்கா, தன் வீட்டில் பிறந்த கினிப்பன்றிக் குட்டியொன்றை என் மகளின் பிறந்தநாளுக்குத் தந்தார். சில நாட்களில் அது இரத்தம் வரச் சொறிந்தது. முதுகில் மயிர் கொட்டியது. மிருக வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்த்தார்.

“கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. கழுத்தில மருந்து விடுறன். இரண்டு கிழமையால திரும்பக் கொண்டு வாங்கோ. கூட்டைக் கழுவி வைக்கோலை மாத்துங்கோ. தாயிட்ட இருந்து வந்திருக்கலாம், அதுக்கும் மருந்து விடவேணும்.”

மகளோடு நேரே அன்புவழிபுரத்தில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போனேன். சுலபமாக விளங்கட்டும் என்று, “மச்சாள், உங்கட கினிப்பன்றிக்கும் பேன் இருக்குமாம்” என்றேன்.

“பேனோ? என்ர வீடென்ன பேன் பிடிச்ச வீடோ? உம்மட ஊத்தையை என்ர தலையில கட்டாதேயும்!”

“இல்லை மச்சாள், டொக்டர்தான்...”

“முதல்ல உம்மட மகளின்ர தலையைப் பாரும்!”

பக்கத்தில் நின்ற மகள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்தினாள். மச்சாள் படலையைச் சாத்தினார்.

எங்கள் குட்டிக்கு மயிர் முளைத்துவிட்டது. தாய் இன்னும் சொறிகிறதாம். அதற்காக நான் திரும்பப் போகத்தான் வேண்டும். எந்தச் சொல்லோடு போனால் மச்சாள் படலையைத் திறப்பார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.