நரம்பு

எண்பதுகளின் கடைசியில், சென்னை பாடியில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே நான் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலில் அவர் பரோட்டா மாஸ்டர். தடித்த கழுத்து, முழங்கை வரை மைதா. மாவு ஊறும் நேரத்தில் நாலு நரம்புக் குட்டி கிடார் ஒன்றை மடியில் வைத்துக்கொள்வார். அதற்கு உகுலேலே என்று பெயராம். அன்று அதற்குத் தூண்டில் நரம்பைப் புதிதாகக் கட்டியிருந்தார். புது நரம்பு நிற்காமல் தளர்ந்தது. முறுக்குவார், தட்டிப் பார்ப்பார், சுருதி இறங்கும், மறுபடி முறுக்குவார்.

பசியோடு காத்திருந்த லாரி டிரைவர் ஒருவன் குடித்திருந்தான். வெங்காயக் கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான்.

"யோவ் மாஸ்டர், பரோட்டா போடாம இன்னா தட்டிகினு கீற? இன்னொரு தபா சத்தம் வந்திச்சி, நரம்ப அறுத்துடுவேன்!"

"ஐயோ, இப்பத்தான் போட்டேன் நைனா!" என்று மாஸ்டர் கிடாரை மார்போடு அணைத்தார். அணைத்ததில் ஒரு நரம்பு டொய்ங் என்றது.

டிரைவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அறுத்தான். மைதாவில் ரத்தம் கொட்டியது. அவன் மறுபடி ஓங்கியபோது, பக்கத்து மேஜையில் இருந்த நான் ஸ்டூலைத் தூக்கி அவன் முட்டியில் அடித்தேன். விழுந்தவனை மற்றவர்கள் மிதித்தார்கள்.

என் துண்டை மாஸ்டரின் கையில் கட்டினேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"கை நரம்பத்தான் சொன்னானா? நான் இத்தச் சொல்றான்னு பயந்துட்டேன்பா."

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில், நல்ல கையால் கிடாரைத் தட்டிக் காதைச் சாய்த்தார்.

"எறங்கிடுச்சி. கொஞ்சம் முறுக்கு."

துண்டு நனைந்துகொண்டே வந்தது. நான் துண்டை இன்னும் இறுக்கி முறுக்கினேன்.

"அட, அத்த இல்லபா" என்று சலித்துக்கொண்டார்.

அந்த மனிதர் மேல் அப்போது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.