ஹொன்னகெரேயில் நிற்காத வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹொன்னகெரே பழைய ரயில் நிலையத்துக்குப் போய்ப் படம் எடுத்து வந்தேன். பெங்களூர் - ஓசூர் பாதையில், நாங்கள் குடியிருக்கும் ஹெப்பகோடியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். பாழடைந்த கட்டடங்களைத் தேடிப் போய்ப் படம் பிடிக்கிற வியாதி எனக்குக் கிடையாது. அது என் கணவன் முரளிக்கு உண்டு. நான் போன காரணம் வேறு. அன்றுதான் முரளி கோயம்புத்தூருக்கு வேலை மாறிக் கிளம்பினான்.

அவனுடைய கம்பெனி பெங்களூர்க் கிளையை மூடிவிட்டு, வேண்டுமானால் கோவைக்கு வா என்றது. என் வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில். இரண்டு பேரில் ஒருவர் வேலையை விடலாமா என்று ஒரு வாரம் பேசினோம். யார் என்ற இடம் வந்ததும் இருவரும் பேச்சை மாற்றினோம்.

வண்டி பையப்பனஹள்ளியிலிருந்து புறப்படுவது. எனக்கு மாதக் கடைசி சம்பளக் கணக்கு வேலை, ராத்திரி எட்டு மணிக்கு லாகின் செய்தே ஆக வேண்டும். ஹெப்பகோடியிலிருந்து அவ்வளவு தூரம் போய் வழியனுப்பிவிட்டு, சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நீந்தித் திரும்பி வர நேரம் போதாது. இது வெளியே சொன்ன காரணம். பிளாட்பாரத்தில் ஊரே பார்க்க அழுது தொலைப்பேன் என்பது சொல்லாத காரணம். அதனால் நான்தான் யோசனை சொன்னேன்: "நீ பாட்டுக்கு ஏறி வா. நான் ஹொன்னகெரேல நிக்கறேன். கதவுகிட்ட வந்து நில்லு, பார்த்துக்கலாம்."

ஹொன்னகெரேதான் எங்களைச் சேர்த்து வைத்த இடம். பாதை ஒற்றையாக இருந்த நாட்களில், எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட எங்கள் பாசஞ்சர் வண்டி அங்கேதான் ஒதுங்கி நிற்கும். கிராசிங் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாலக்கோட்டிலிருந்தும் அவன் தர்மபுரியிலிருந்தும் பெங்களூருக்குத் திரும்பும் வண்டி அது. கிராசிங் விழுந்தால் எப்படியும் அரை மணி போகும். எல்லோரும் இறங்கி ரயில்வேயைத் திட்டுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, எக்ஸ்பிரஸ் இன்னும் கொஞ்சம் லேட்டாக வரட்டும் என்று வேண்டிக்கொள்வோம். முழு வண்டியிலும் அப்படி வேண்டியவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

கல்யாணமாகி ஐந்து வருடம். அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாராவாரம் சொன்னோம். வாராவாரம் துணி துவைத்தோம். இதற்குள் இரட்டைப் பாதை வந்தது, கிராசிங் போனது, நிலையத்தையும் மூடிவிட்டார்கள்.

நான்கு மணிக்கு ஹெப்பகோடியில் ஆட்டோ பிடித்தேன். போக வர, காத்திருப்புச் சேர்த்து எழுநூறு ரூபாய். ஓட்டுநர் ஆண்டனி கோலார் தங்கவயல்காரர். சந்தாபுரா தாண்டி ஆனேக்கல் ரோட்டில் போகும்போது கேட்டார்.

"ஹொன்னகெரேல வண்டி எதுவும் நிக்காது மேடம். ஹீலலிகே ஸ்டேஷன்ல விடட்டா?"

"ஏற வேண்டாங்க. பார்க்கணும், அவ்வளவுதான்."

"வண்டியவா?"

"வண்டில ஒருத்தர் போறாரு."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்போ சீக்கிரம் போயிடலாம்" என்று அழுத்தி ஓட்டினார்.

நான்கே முக்காலுக்கு இறங்கினேன். டிக்கெட் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே யாரோ ராகி வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். மஞ்சள் பலகையில் பாதி எழுத்து உரிந்துவிட்டது. பெஞ்ச் மட்டும் அப்படியே இருந்தது. தனியாக உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை, எழுந்துவிட்டேன்.

முரளி தன் கேமராவை என்னிடம் விட்டுப் போயிருந்தான். படம் எடுப்பதில் அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பழைய பிளாட்பாரம் தண்டவாளங்களுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே நின்றால் சாயங்கால வெயில் எனக்குப் பின்னாலிருந்து வண்டி மேல் நேராக விழும். கதவில் நிற்பவன் முகம் பளிச்சென்று வரும். ஓசூர் போகும் வண்டிக்கு இரண்டில் கிழக்குத் தண்டவாளம். லெவல் கிராசிங் வழியாக அந்தப் பக்கம் போய்விடலாம், நேரமும் இருந்தது. ஆனால் அங்கே வெயில் கண்ணில் குத்தும். அதனால் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஐந்தரைக்கு போன் வந்தது.

"ஹீலலிகே தாண்டிட்டோம். எந்தப் பக்கக் கதவு?"

"வலது பக்கம். வெயில் மூஞ்சில அடிக்கும், கண்ண மூடிக்காத."

"சரி. அழாத."

"நான் எங்க அழறேன்? போன வை."

இடது கைப் பக்கம் தூரத்தில் ஹாரன் கேட்டது. கேமராவைத் தூக்கினேன். வண்டியின் முகம் தெரிந்தது. அதே நேரம் வலப்பக்கத்தில் இன்னொரு ஹாரன். ஓசூரிலிருந்து கூட்ஸ். எனக்கும் முரளியின் வண்டிக்கும் நடுவே இருந்த தண்டவாளத்தில் அது சாவகாசமாக வந்து நுழைந்தது. பழுப்புப் பெட்டி, அடுத்து பழுப்புப் பெட்டி. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அவன் வண்டியின் நீலம் தெரிந்து மறைந்தது. நான் பிளாட்பாரத்தின் கோடி வரை ஓடினேன். கூட்ஸின் கடைசிப் பெட்டி போனபோது எதிர்த் தண்டவாளம் காலியாகக் கிடந்தது.

அதுவும் கிராசிங்தான். எங்களுக்கு அரை மணி அரை மணியாகக் கொடுத்த அதே கிராசிங். இப்போது யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

ஆண்டனி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். "நாளைக்கும் இதே வண்டி வரும் மேடம்" என்றார். அதில் அவர் இருக்க மாட்டார் என்றேன். "ஆமா இல்ல" என்று தலையைச் சொறிந்துகொண்டு போய் ஆட்டோவைத் திருப்பினார்.

திரும்பும் வழியில் முரளி ஒரு படம் அனுப்பினான். கதவிலிருந்து எடுத்தது. கூட்ஸ் பெட்டி. நான் எடுத்ததும் கூட்ஸ் பெட்டி. ஒரே வண்டியை ஆளுக்கொரு பக்கம் நின்று எடுத்திருக்கிறோம். பிறகு அவனே கூப்பிட்டான்.

"நீ தெரியவே இல்ல. ஆனா கை காட்டிட்டேதான் இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஓசூர் வர்ற வரைக்கும். ஒரு பெரியவர் தண்ணி குடிக்கறியாப்பான்னு கேட்டாரு."

சிரித்தேன். எட்டு மணிக்கு லாகினும் செய்தேன். வீட்டில் அவன் காயப்போட்ட துணி கொடியிலேயே இருந்தது, எடுக்க மனசு வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பஸ் கிராமம் வரைதான், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. திரும்ப ஆட்டோ கிடைக்காது, போன ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள், கடை கிடையாது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள், லெவல் கிராசிங் பக்கத்திலேயே இருக்கிறது. நிலையத்தைப் படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மேற்குப் பக்கம் நில்லுங்கள், ஐந்திலிருந்து ஆறு வரை வெளிச்சம் அருமையாக இருக்கும்.

வண்டியில் போகும் யாரையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் கிழக்குப் பக்கம் போய், வேலிக்கு வெளியே, ஓசூர் போகும் தண்டவாளத்தை ஒட்டிய மண்சாலையில் நில்லுங்கள். நடுவே எதுவும் வராது. வெயில் கண்ணில் அடிக்கும், படம் கறுப்பாகத்தான் வரும். வந்துவிட்டுப் போகட்டும். ஆளைப் பார்த்துவிடலாம்.