பெரியதாழை வாக்காளர்

சுறா எண்ணெய் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வரும், கூடவே கோபமும் வரும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் அப்பா வேலை பார்த்தார். "காத்துக்காலம்" என்று தோணிகள் கரையில் கிடக்கும் மாதங்களில் பலகைகளுக்கு அந்த எண்ணெயைத் தேய்ப்பார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அது அவர் விரல்களை விட்டுப் போகாது. என் மதிப்பெண் அட்டையில் அவர் கையெழுத்துப் போட்ட இடத்திலெல்லாம் ஒரு மஞ்சள் கறை இருக்கும். கையெழுத்தும் சாமானியமானதல்ல, கடைசி எழுத்திலிருந்து நங்கூரம் மாதிரி ஒரு கொக்கியை இழுத்துவிடுவார். அதை நானும் போட்டுப் பழகி டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, ஊராட்சித் தேர்தல் வந்தது. அப்போது எங்கள் தெருவின் பெரிய குறை தண்ணீர்க் குழாய். அது தெருமுனையில் இருந்த தோணி முதலாளி வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டது; அதற்கு இந்தப் பக்கம் இருந்த பெண்களுக்குக் காலிக் குடமும், நீண்ட வரிசையும், அந்த வீட்டு வேலைக்காரியின் ஏச்சும்தான். அம்மா பெரியதாழையில் பிறந்தவள், கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், தெருவின் மனுக்களையெல்லாம் எழுதுகிறவள். "ஏளா, மனு எழுதி எழுதி மை தீந்ததுதான் மிச்சம். இந்தத் தடவ நீயே நில்லு" என்று பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே நின்றவர் முதலாளியின் தம்பி.

அப்பா மறுக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். "நில்லேன், யாரு வேண்டாங்கா? தெருவுக்கு நல்லதுதான" என்று சிரித்த முகமாகச் சொன்னதோடு, வேட்புமனுத் தாளையும் தானே வாங்கி வந்து அம்மா கையில் கொடுத்தார்.

மனுக்களைச் சரிபார்க்கும் நாளன்று அம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். பின்னால் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அதிகாரி ஆழ்வார்திருநகரிக்காரர், நல்ல மனிதர். வாக்காளர் பட்டியலை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "உங்க பேரு லிஸ்ட்ல இல்லியேம்மா. பேரு இல்லாதவங்க நிக்க முடியாது" என்றார்.

"எப்படி இல்லாமப் போவும்? போன தடவ ஓட்டுப் போட்டிருக்கனே."

"இருந்துச்சும்மா, அடிச்சிட்டாங்க. நீங்க பொறந்த ஊருக்கே போயி அங்கனயே தங்கிட்டதா எழுதிக் குடுத்திருக்காங்க."

தம்பியின் பேறுகாலத்துக்கு அம்மா பெரியதாழைக்குப் போனது உண்மைதான். ஆனால் அவள் திரும்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. எழுதிக் கொடுத்தது யாரென்று கேட்டாள். அவர் தயங்கி, ஒரு தாளை மேசைமேல் திருப்பி வைத்தார். அம்மா படிக்கத் தொடங்குமுன் என் கண்ணில் பட்டது அடியிலிருந்த மஞ்சள் கறையும் அதன்மேல் இருந்த நங்கூரக் கொக்கியும்தான். "அம்மா, இது அப்பா போட்டது" என்று பெரிய கண்டுபிடிப்புப் போலக் கத்திவிட்டேன். அத்தனை பெண்களுக்கும் கேட்டது. பெண்கள் அவளைத் தேர்தலில் நிற்கச் சொன்ன அதே வாரத்துத் தேதி அந்தத் தாளில் இருந்தது. அம்மா முந்தானையால் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொதலாளி கேட்டாரு. தண்டல் வேல தாரேன்னு சொல்லுதாரு. ஒரு பேருதானளா?"

"என்னய ஊர விட்டே எழுதிக் குடுத்துட்டியளே" என்றாள் அம்மா.

அடுத்த பயணத்திலேயே அப்பா "தண்டல்" ஆனார், அதாவது தோணியை நடத்தும் தலைவர்.  அம்மா பெரியதாழைக்குப் போய் அந்த ஊர்ப் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தேர்தலன்றும் விடிந்ததும் அதே கல்யாணச் சேலையில், "எங்க ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவாள். அன்று வீட்டில் அடுப்பு எரியாது. அப்பா வாசலில் நின்று பார்ப்பார். பேரை இங்கே மாற்றிக்கொள் என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. தோணிகள் விரல்விட்டு எண்ணும்படியாகிவிட்டன, சுறா எண்ணெய் வாடையும் கரையை விட்டுப் போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். எண்பத்தைந்து வயதில் அம்மாவால் படி இறங்க முடியவில்லை. போன வாரம் பெயர் மாற்றும் படிவத்தை நிரப்பி, "இங்கனயே மாத்திக்கிடுவோம்மா, கையெழுத்துப் போடு" என்று நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள்.

"போனவளைத் திரும்பி வான்னு அவரு ஒரு நாளும் கூப்பிடலியே, ஏளா" என்று சொல்லித் தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

இந்தத் தேர்தலுக்கும் பெரியதாழைக்கு ஒரு கார் சொல்ல வேண்டும்.